குளவிக்கு யாருடா கேன்டீன் போடுவான்?

அந்த டப்பாவை முதல்ல கீழ வைடா நைனா. மூடியைத் திறக்காத. கை காலைக் கழுவிக்கினு வந்து இந்தக் கயித்துக் கட்டில்ல குந்து. ரெண்டு வார்த்தை சொல்லிட்டு விட்டுடறேன், அப்புறம் போய்த் தூங்கு.

நைட் ஷிப்ட் முடிச்சு, கம்பெனி பஸ்ஸுல வாயைத் தொறந்துக்கினு தூங்கி வந்து, ஒரகடம் கூட்ரோட்டுல எறங்குன உடனே நேரா மருந்துக் கடைக்குப் போயிருக்க. பெத்தவளுக்கு ஒரு முழம் மல்லி வாங்கியாரத் தோணல, எலுமிச்சை மரத்துக்கு விஷம் வாங்கியாரத் தோணியிருக்குது. பொறுப்பான புள்ள. கழுத்துல தொங்குற அட்டையைக்கூடக் கழட்டல. பூச்சிங்க அட்டையைப் பார்த்துட்டு ‘சார் வந்துட்டாரு’ன்னு எழுந்து நிக்கும்னு நெனச்சியா?

டப்பாவுல மஞ்ச முக்கோணம் போட்டிருக்குது பாரு. சிவப்புக்கு அடுத்த படி விஷம்னு அர்த்தம். அதுக்குக் கீழதான் நீலம், அதுக்கும் கீழ பச்சை. லேபிள் படிக்கிறது உன் தொழிலாச்சே, படிச்சுட்டுத்தான் வாங்கியிருப்ப. இல்ல, பளிச்சுன்னு மங்களகரமா இருக்குதேன்னு எடுத்துட்டியோ என்னமோ.

சரி, மரத்துக்கு இன்னா ஆச்சு? தளிரு சுருட்டிக்கிச்சு, எலையில பிசுபிசுப்பு, எறும்பு வரிசை கட்டி ஏறுது, அடி எலையெல்லாம் கரி பூசுன மாதிரி கறுத்துப் போச்சு. அத்தான? அது சில்லிட் பூச்சி வேலை. கொசு மாதிரி இருந்துக்கினு, தலையைக் கீழ வெச்சு, பின்பக்கத்தைத் தூக்கிக்கினு சாய்வா குந்தியிருக்கும். மரியாதை தெரியாத பூச்சி. அதோட குஞ்சுங்க மஞ்சளா, தட்டையா, தளிரோட இடுக்குல ஒட்டிக்கினு சாறு உறிஞ்சும். உறிஞ்சுனதுல பாதியை வெள்ளைச் சுருளா, உடைஞ்ச சேமியா மாதிரி வெளிய தள்ளும். அது இனிப்பு. அதுக்குத்தான் எறும்பு. வெறும் சாறு குடிச்சுட்டுப் போச்சுன்னாக்கூட விட்டுடலாம்டா. ‘கிரீனிங்’னு ஒரு நோவையும் மரத்துக்கு மரம் தூக்கிக்கினு போய் ஒட்டவெச்சுடும். அது வந்த மரம் எலை மஞ்சளாகி, காய் ஒருபக்கம் கோணி, கசந்துபோய், கொஞ்சம் கொஞ்சமா செத்துப்போகும். வைத்தியம் கிடையாது. அதனால உன் கோவத்துல நியாயம் இருக்குது. ஆயா வெச்ச மரம், அது போனா வீட்டுல ஊறுகா இல்ல.

ஆனா யாரைக் கொல்லப் போறேன்னு பார்த்தியா?

பெரிய வேலைக்காரன்டா நீ. ராத்திரி பூரா கார் கதவுக்கும் பாடிக்கும் நடுவுல எவ்வளவு சந்து இருக்குதுன்னு கேஜ் வெச்சு அளந்து, அரை மில்லிமீட்டர் கூடிப்போச்சுன்னா காரையே ஓரங்கட்டுற ஆளு. இந்த மரத்துல ஒருத்தி வேலை பார்க்கிறா. அவ மொத்த உருவமே ஒரு மில்லிமீட்டர் இருந்தா அதிகம். உங்க கணக்குல ரெண்டு தப்பு சேர்ந்தா ஒரு ஆளு. உன் கண்ணுக்கு அவ தெரியல, கிழவன் கண்ணுக்குத் தெரிஞ்சுட்டா. பேப்பர் படிக்கிற பூதக்கண்ணாடி இருக்குதே, அத்த வெச்சு நேத்து காலையில எட்டு மணிக்குப் பார்த்தேன். கறுப்பா ஒரு குட்டிக் குளவி. தளிரு மேல நடந்துக்கினே, மீசையால ஒவ்வொரு குஞ்சையும் தட்டித் தட்டிப் பார்க்குது, சந்தையில ஆயா முருங்கைக்காயைத் தட்டிப் பார்ப்பாளே அப்படி. ஒண்ணைத் தட்டுச்சு, வேணாம்னு போயிடுச்சு. இன்னொண்ணைத் தட்டுச்சு, குத்துச்சு, குத்துன இடத்துல வாயை வெச்சு உறிஞ்சிச்சு. மூணாவதுக்கு அடியில பின்பக்கத்தை நுழைச்சு கொஞ்ச நேரம் அசையாம நின்னுச்சு. அது முட்டை. ஒரு குஞ்சுக்கு ஒரு முட்டைதான். முட்டையிலருந்து வர்ற புழு, குஞ்சோட வயித்துக்கு அடியில ஒட்டிக்கினு அதை உறிஞ்சியே வளரும். கடைசியில குஞ்சு பழுப்புக் கூடா எலையோட ஒட்டிக்கினு நிக்கும். தலைப்பக்கம் வட்டமா ஒரு ஓட்டை போட்டுக்கினு புதுக் குளவி வெளிய வரும். அந்த ஓட்டை இருக்கிற கூடு இந்தக் கிளையில மட்டும் பதினோரு கூடு எண்ணுனேன். வேணும்னா நீயும் வந்து எண்ணிக்கோ, குவாலிட்டி செக் பண்ணிக்கோ.

பேரு இன்னான்னு உன் தங்கச்சிகிட்ட போன்ல கேட்டேன். கோயம்புத்தூர்ல அக்ரி படிக்கிறாளே, ஃபீஸு கட்டுன காசுக்கு எனக்கும் கொஞ்சம் பாடம் நடத்தட்டும்னு. டமாரிக்சியா ரேடியேட்டாவாம். பேருல டமாரம் இருக்குது, ஆனா சத்தமே கிடையாது. ரேடியேட்டரும் இருக்குது, ஆனா உங்க காருக்கு இருக்கிற மாதிரி சூட்டைத் தணிக்க ஒண்ணும் கிடையாது. அந்தக் கதைக்கு அப்புறம் வரேன். 1922-ல வாட்டர்ஸ்டன்னு ஒருத்தர் பேரு வெச்சிருக்காரு. பூச்சி கெடைச்சது பஞ்சாபுல லயல்பூரு. இன்னைக்கு அது பாகிஸ்தான்ல பைசலாபாத். நாடு பிரிஞ்சுது, குளவி பிரியல. அங்கயும் இருக்குது, இங்கயும் இருக்குது, நம்ம கொல்லையில கிணத்துக்கும் மோட்டார் கொட்டாய்க்கும் நடுவுலயும் இருக்குது.

உன்னை மாதிரி வெளிநாட்டு ஆசையும் அதுக்கு உண்டு. ரீயூனியன்னு ஒரு தீவு, கரும்பு வெட்ட நம்ம ஆளுங்களை அந்தக் காலத்துல கப்பல் ஏத்திக்கினு போனாங்களே, இன்னைக்கும் அங்க தீமிதிக்கிறாங்களே, அந்தத் தீவு. அங்க ஆரஞ்சு, எலுமிச்சை எல்லாம் சில்லிட்டால அழிஞ்சுக்கினு இருந்தப்ப, 1978-ல நம்ம பஞ்சாபுலருந்து இந்தக் குளவியைக் கொண்டுபோய் விட்டாங்க. போன குளவி பொழைச்சுக்கிச்சு, மரமும் பொழைச்சுக்கிச்சு. அந்தத் தீவுல ரெண்டு ஜாதி சில்லிட் இருந்துது. ஒண்ணு ஆப்பிரிக்காக்காரன், வெயில் தாங்காம குளிர்ச்சியான மலையில குந்திக்கிச்சு. இன்னொண்ணு நம்ம ஆசியாக்காரன், கீழ சூட்டுல வாழ்ந்துது. ரெண்டுக்கும் தனித்தனிக் குளவி விட்டாங்க. பூச்சியும் ஆளைப் பார்த்து எடம் பிடிக்கிறதில்ல நைனா, டிகிரியைப் பார்த்துத்தான் பிடிக்குது.

இப்ப சோத்துக்கு வரேன். நீ எந்திரிக்காத, உன் சோத்தைப் பத்தியும் இதுலயே வருது.

குளவிக்கு ரெண்டு வகைச் சோறு. ஒண்ணு இனிப்பு. பூவுல இருக்கிற தேன், பூச்சி விடுற அந்த இனிப்புக் கழிவு. அது அவ பறக்கிறதுக்கும் உசுரோட இருக்கிறதுக்கும். இன்னொண்ணு ரத்தம். நேத்து ஒரு குஞ்சைக் குத்தி உறிஞ்சுனான்னேனே, அது. முட்டை கட்டுறதுக்கு அது வேணும். வெறும் தேனைக் குடிச்சா ஆயுசு வரும், முட்டை வராது. வெறும் ரத்தத்தைக் குடிச்சா முட்டை வரும், ஆயுசு வராது. இவளுக்கு ஒண்ணு விட்ட அக்கா தங்கச்சி ஜாதி ஒண்ணு இருக்குது, அஃபைட்டிஸ் மெலினஸ்னு. எலுமிச்சைக் காயில செவப்பா பொட்டு பொட்டா ஒட்டியிருக்குமே செதில் பூச்சி, அதுக்கு அவ எமன். அவளைக் கூண்டுல வெச்சுப் பார்த்திருக்காங்க. செதில் பூச்சி எவ்வளவு வேணும்னாலும் தின்னுக்கோன்னு விட்டு, தேன் மட்டும் குடுக்கலன்னா, ரெண்டு மூணு நாள்ல செத்துப்போறா. தேனும் சேர்த்துக் குடுத்தா வாரக்கணக்குல வாழுறா. எதிர்ல கறி விருந்து கிடக்குது, ஒரு சொட்டு இனிப்பு இல்லாம சாவுறா, பார்த்துக்கோ.

திருப்பிப் போட்டா இன்னும் கொடுமை. தேன் இருக்குது, பூச்சி இல்ல. அப்ப அவ இன்னா பண்றா தெரியுமா? வயித்துல கட்டி வெச்ச முட்டையையே கரைச்சு உடம்புக்கு எடுத்துக்கிறா. உன் சித்தப்பன் வேலை போனப்ப பி.எஃப். காசை எடுத்துத் தின்னானே, அதே கணக்கு. உசுரு தங்கும், நாளைக்குன்னு வெச்சது போயிடும்.

நீ இன்னா தின்ற? ராத்திரி ஒரு மணிக்கு கேன்டீன்ல டீ, அதோட பிஸ்கட்டு. மூணு மணிக்குத் தூக்கம் வருதுன்னு அந்த டப்பா ஜூஸு, குடிச்சா எறக்கை மொளைக்கும்னு விளம்பரம் போடுவானே அது. காலையில பரோட்டா. முழுக்க இனிப்பும் மாவும். குளவிக்குத் தெரிஞ்ச சூத்திரம் உனக்குத் தெரியல. இனிப்பு மட்டும் தின்னுக்கினு பறந்துக்கினு இருக்கிற, உருப்படியா ஒண்ணும் கட்டல. கோவிச்சுக்காத, ஆயா முட்டை அவிச்சு வெச்சிருக்கா. தின்னுட்டுத் தூங்கு.

இன்னொண்ணு சொல்றேன், இது உங்க அம்மா காதுல விழுற மாதிரி சொல்லணும். அந்த அஃபைட்டிஸ்காரி முட்டை வெக்கிறதுக்கு முன்னால செதில் பூச்சி பெருசா சின்னதான்னு அளந்து பார்க்கிறா. சின்னப் பூச்சின்னா ஆம்பளப் புள்ளை, பெரிய பூச்சின்னா பொம்பளப் புள்ளை. ஏன்னா உள்ள வளர்ற புழுவுக்குச் சோறு அந்தப் பூச்சிதான். பொண்ணு பெரிய உடம்போட வந்தாத்தான் நிறைய முட்டை வெக்கும், அதனால வளமான வீட்டைப் பொண்ணுக்கு எழுதி வெக்கிறா. நம்ம ஊர்ல மட்டும்தான்டா இது தலைகீழ். உன்னை இங்கிலீஷ் மீடியத்துல போட்டுட்டு, உன் தங்கச்சியைக் கவர்மென்ட் ஸ்கூல்ல போட்டாங்க. இன்னைக்கு அவ எனக்குப் பாடம் நடத்துறா, நீ விஷ டப்பாவோட நிக்கிற.

சூட்டுக்கு வரேன். உங்க பெயின்ட் ஷாப்புல டிகிரி கொஞ்சம் ஏறி எறங்குனாலே மணி அடிச்சு, நாலு சட்டைக்காரங்க ஓடி வருவாங்கன்னு நீதான் சொன்ன. இரும்புக்குக் குடுக்கிற மரியாதை. ஒரகடத்துல வண்டிங்களைச் சோதிக்கிறதுக்குன்னு மத்திய சர்க்கார் பெரிய மையமே வெச்சிருக்குது. காரு சூடு தாங்குமா, குலுக்கல் தாங்குமான்னு பார்க்கிறாங்க. அதே மாதிரி குளவியையும் பார்த்திருக்காங்க, பிரேசில்ல. டமாரிக்சியாவை ஒரே டிகிரியில வெச்ச பெட்டியில வளர்த்திருக்காங்க. 18 டிகிரியில முட்டையிலருந்து குளவியாக 17 நாள் ஆச்சு. 25-ல 11, 12 நாள். இன்னும் சூடு ஏத்துனா எட்டு நாளே பெருசு.

கேட்ட உடனே உன் மூஞ்சி மலருது. ‘புரொடக்‌ஷன் ஏறுதே தாத்தா’ன்னு சொல்ல வர்ற. அங்கதான்டா உன் சூப்பர்வைசர் புத்தி. சூட்டுல சீக்கிரம் வளர்ந்தவ சீக்கிரம் கிழவியாகுறா. உடம்பும் குட்டி, ஆயுசும் குட்டி, முட்டையும் கம்மி. நல்லா இருந்தா ஒருத்தி 300 முட்டை வரைக்கும் வெக்கிறவ. அவ நல்லா வேலை பார்க்கிறது இருபத்தஞ்சு, இருபத்தாறு டிகிரி பக்கம். அதாவது நம்ம ஊர்ல மார்கழி, தை. சித்திரையில வெளிய 40 அடிக்கும்போது, ஓவர்டைம் பார்க்கிறவன் மாதிரி மூச்சு வாங்கிக்கினு கிடப்பா. நீ தொட்டில்ல கிடந்த வருஷம், 2003 மே கடைசியில, சென்னையில 45 டிகிரி அடிச்சுது. ஆயா தொட்டில் மேல ஈரப் புடவையைப் போட்டு ராத்திரி பூரா விசிறுனா. குளவிக்கு யாரு விசிறுவா? எலைக்கு அடிப்பக்கம்தான் அவ தொட்டில். எலை தண்ணியை மூச்சா விடும்போது அந்த அடிப்பக்கம் கொஞ்சம் குளுந்து கிடக்கும். மரம் தண்ணி இல்லாம வாடிச்சுன்னா அந்த விசிறியும் நின்னுபோச்சு.

இதுல சூட்சுமம் இன்னான்னா, ரெண்டு கணக்கும் ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கினு இருக்குது. சூடு ஏற ஏற உடம்பு வேகமா எரியும், உள்ள வெச்ச சக்கரை சீக்கிரம் தீரும். குளுந்த நாள்ல ஒரு வேளை பட்டினி கிடந்தாலும் தாங்குறவ, வெயில் நாள்ல தாங்க மாட்டா. ஃபுல் ஏசி போட்டுக்கினு மேடு ஏறுற காரு மைலேஜு குடுக்குமா? அதே கதை.

அமெரிக்காவுல கலிபோர்னியாவுல இத்த ஒரு பாடமாவே படிச்சுட்டாங்க. செவப்புச் செதில் பூச்சிக்கு 1948 வாக்குல தெற்குச் சீனாவுலருந்து ஒரு அஃபைட்டிஸ் குளவியைக் கொண்டாந்தாங்க. கடற்கரை ஓரத்துல ராணி மாதிரி இருந்தா. கடலை விட்டுத் தள்ளி உள்பக்கம், வெயில்னா கொளுத்துற வெயில், குளிர்னா ஒறையுற குளிர், அங்க தாங்காம ஒவ்வொரு வருஷமும் அடி வாங்குனா. 1956, 57-ல பால் டிபாக்னு ஒருத்தர் இந்தியா, பாகிஸ்தான் பக்கத்துலருந்து மெலினஸ்ஸைக் கொண்டுபோய் விட்டாரு. நம்ம வடக்கத்தி வெயிலையும் பனியையும் பார்த்து வளர்ந்தவ. நாலஞ்சு வருஷத்துல சீனாக்காரியைக் கடற்கரையோட ஒதுக்கிட்டு, மீதி எல்லாத்தையும் எடுத்துக்கினா. சூடு மட்டும் காரணம் இல்ல, சோறும்தான். சீனாக்காரி ‘சின்ன வீடு, ஆம்பளப் புள்ளைதான்’னு ஒதுக்குற அளவுப் பூச்சியிலகூட மெலினஸ் பொண்ணு வெச்சுடுவா. ஒருத்தி பையனாப் பெத்துக்கினு இருந்தா, இன்னொருத்தி பொண்ணாப் பெத்தா, வம்சம் யாருது? இன்னைக்கு அந்த ஊரு பண்ணைங்கள்ல மெலினஸ்ஸைப் பூசணிக்காய் மேல செதில் பூச்சியை விட்டு வளர்த்து, விலைக்கு விக்கிறாங்க. நம்ம ஊர்ல பூசணிக்காயை நடு ரோட்டுல உடைச்சு பைக்காரனை விழ வெக்கிறோம்.

டமாரிக்சியாவையும் அந்த கலிபோர்னியாக்காரங்க விடல. 2011 டிசம்பர்ல, பாகிஸ்தான் பஞ்சாபுலருந்து மார்க் ஹாடில்னு ஒரு பூச்சிக்காரர் கொண்டுபோய் விட்டாரு. ஏன் பஞ்சாபு? ரெண்டு ஊரு வெயிலும் ஒத்துப்போகுதுன்னு கணக்குப் பார்த்துத்தான். பொண்ணு குடுக்கிறதுக்கு முன்னால ஊரு தண்ணி ஒத்துக்குமான்னு கேட்பாங்களே அந்த மாதிரி. இன்னும் ஒரு விஷயம் கேளு, உனக்குச் சிரிப்பு வரும். அங்க குளவி வளர்க்கிறதுக்கு சில்லிட்டை எந்தச் செடியில வளர்த்தாங்க தெரியுமா? கறிவேப்பிலை. நாம சாம்பார்ல போட்டுட்டுத் தட்டு ஓரமா ஒதுக்கி வெக்கிற கறிவேப்பிலை. சில்லிட்டுக்கு அது பிடிக்கும், ஆனா அந்த கிரீனிங் நோவு அதுல தங்காது. அதனால கிணத்தோரம் நிக்கிற நம்ம கறிவேப்பிலையில நாலு சில்லிட் குஞ்சைப் பார்த்துட்டு அதுக்கும் மருந்தைத் தூக்காத. அது குளவிக்குப் பொறந்த வீடு.

நம்ம ஊரு மட்டும் இளப்பமா? 1983-ல கபில்தேவ் லார்ட்ஸுல வெஸ்ட் இண்டீஸ்கிட்டருந்து கோப்பையைப் பிடுங்குனாரே, ஊரே பஞ்சாயத்து ரேடியோவைச் சுத்தி நின்னுது. அதே வருஷம் பெங்களூருல இருக்கிற தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்துக்காரங்க, அதே வெஸ்ட் இண்டீஸ் டிரினிடாடுலருந்து ஒரு குளவியையும் வாங்கியாந்தாங்க. எலுமிச்சை, ஆரஞ்சு மரத்துல வர்ற மாவுப்பூச்சிக்கு. கோப்பை கண்ணாடி அலமாரிக்குள்ள குந்தியிருக்குது, குளவி வெயில்ல வேலை பார்த்துது. அத்த விடு, பப்பாளி உனக்கு ஞாபகம் இருக்கணும். நீ ஸ்கூலுக்குப் போற காலம். 2008-ல கோயம்புத்தூர்ல ஆரம்பிச்சு, பப்பாளி, மரவள்ளி, மல்பெரி, செம்பருத்தின்னு எல்லாத்து மேலயும் வெள்ளை மாவு. அடிக்காத மருந்து இல்ல. அந்தப் பூச்சி மெழுகுச் சட்டை போட்டுக்கினு சிரிச்சுது. 2010-ல போர்ட்டோ ரிக்கோவுலருந்து மூணு ஜாதிக் குளவியைக் கொண்டாந்து தமிழ்நாட்டுல விட்டாங்க. அடுத்த வருஷமே மாவு காணாமப் போச்சு. கும்பாபிஷேகம் கிடையாது, கட் அவுட் கிடையாது. குளவிக்கு யாரு பேனர் வெப்பா.

சரி, இப்ப உன் கம்பெனி ரோட்டுக்கு வா. இருங்காட்டுக்கோட்டையில 1996-ல ஹூண்டாய்க்கு அடிக்கல் நட்டப்ப நான் சைக்கிள்ல போய் வேடிக்கை பார்த்தேன். 2010-ல ஒரகடத்துல ரெனோ நிசான் திறந்தாங்க, அப்புறம் ஒண்ணொண்ணா வந்து, சிங்கப்பெருமாள் கோயில்லருந்து ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் ரோடு ஆறு வழியாச்சு. நான் குறை சொல்லல. இந்த வீட்டுக்கு மேல் தளம் போட்டது அந்தக் காசுதான். ஆனா அந்த ரோட்டுல ராத்திரி பகலா ஓடுற கண்டெய்னர் லாரி கிளப்புற புழுதி, நம்ம கொல்லை எலை மேலதான் வந்து குந்துது. எலை மேல விரலை வெச்சு உன் பேரை எழுதலாம். அந்தப் புழுதி குளவிக்குப் பெரிய எமன். புழுதி எலை மேல நடந்தா அவளுக்கு வேலை ஓடாது. நிமிஷத்துக்கு ஒரு தரம் நின்னு நின்னு மூஞ்சியையும் காலையும் தொடைச்சுக்கினு இருப்பா, தோலும் தேய்ஞ்சுபோகும். கலிபோர்னியாவுல மண் ரோட்டு ஓரத்து மரங்கள்ல மட்டும் செதில் பூச்சி பெருகுறதைப் பார்த்துத்தான் இத்தக் கண்டுபிடிச்சாங்க. தோட்டத்துக்காரன் பூச்சி அதிகமாச்சுன்னு மருந்து அடிச்சான், மருந்து மிச்சம் இருந்த குளவியையும் கொன்னுது, அப்புறம் இன்னும் பூச்சி. மருந்துக் கடைக்காரன் மட்டும் புது வண்டி வாங்குனான்.

எறும்பு வேற. அது சில்லிட்டுக்குக் கான்ட்ராக்ட் செக்யூரிட்டி. இனிப்பு சம்பளம். குளவி கிட்ட வந்தா ‘ஐடி கார்டு இருக்குதா’ன்னு விரட்டும். கேட்டைத் தாண்டி உள்ள விடாது. எறும்பை ஏற விடாம வெச்சா, பாதி வேலை முடிஞ்ச மாதிரி.

இப்ப இன்னா பண்ணணும்னு கேளு. கேக்க மாட்ட, நானே சொல்றேன்.

நாளைக்கு ஷிப்ட் முடிச்சு வந்த உடனே ஓஸ் பைப்பை எடுத்து மரத்தை மேலருந்து கீழ வரைக்கும் குளிப்பாட்டு. புழுதி போகட்டும். வாரத்துக்கு ஒரு தரம் போதும், சாயந்தரம் வேணாம், காலையில பண்ணு. அடிமரத்துல ஒரு முழம் பழந்துணியைச் சுத்திக் கட்டி, துணி மேல கிரீஸு தடவு. பட்டை மேல தடவிடாத, பட்டை வெந்துபோகும். கிரீஸுக்குக் கடைக்குப் போகாத, உன் பேண்ட்டுல ஒட்டியிருக்கிறதை வழிச்சாலே போதும். எலுமிச்சைக்கு அடியில சும்மா கிடக்கிற மண்ணுல கொத்தமல்லி தூவு. பறிச்சு சட்னி அரைக்கிறதுக்கு இல்லடா, பூக்க விடணும். அந்த வெள்ளைப் பூவு சின்னப் பூவு, குளவி வாய்க்கு எட்டுற பூவு. செம்பருத்தி மாதிரி பெரிய பூவுல அவளுக்கு இன்னா இருக்குது, அது தேன்சிட்டுக்கு. வேலி ஓரமா நாலு குழி தட்டைப்பயறு போடு. அது பூக்கலன்னாலும் அதுல இனிப்புக் கசியும். மேற்கால ரெண்டு அகத்தி நடு, மதியத்துக்கு மேல வர்ற வெயில் தணியும், கீரையும் ஆச்சு. தண்ணியை மொத்தமா ஊத்தி, உரத்தை வாரிப் போட்டு, ஒரே நேரத்துல மரம் பூரா தளிர் விடற மாதிரி பண்ணாத. தளிரு இருக்கிற எடத்துலதான் சில்லிட் முட்டை வெக்கும், மரம் பூரா தளிரு வந்தா சில்லிட் படையே வந்துடும், ஒரே நாள்ல அத்தனைக்கும் குளவி பத்தாது. அளவாக் குடு.

இத்தனையும் பண்ணா பூச்சியே இல்லாமப் போயிடுமான்னு கேக்குற, கண்ணுல தெரியுது. போகாது. கொஞ்சம் இருக்கும். இருக்கணும். பூச்சி ஒண்ணுகூட இல்லன்னா குளவி இன்னாத்தைத் தின்னும்? முட்டையைக் கரைச்சுத் தின்னுட்டு அடுத்த கொல்லைக்குப் போயிடும். அப்புறம் சில்லிட் திரும்ப வரும்போது கேட்டுல ஆளே இருக்காது. உங்க கம்பெனியில ஆர்டர் கம்மின்னு ஆளை நிறுத்திட்டு, அடுத்த மாசம் ஆர்டர் வந்தப்ப ஆள் கிடைக்காம ஹெச்.ஆர். தலையில கை வெச்சுக்கினு நின்னாரே, நீதான் சொல்லிச் சிரிச்ச. ஆனா ஒண்ணு, கிரீனிங் வந்த மரம்னு தெரிஞ்சா மட்டும் பாசம் பார்க்காம வெட்டிடணும். அதுக்குக் குளவியும் ஒண்ணும் பண்ண முடியாது. நம்ம மரத்துக்கு இன்னும் அது இல்ல. காயைப் பார்த்தேன், கோணல் இல்ல.

தூக்கம் வருதா? கண்ணு சொருகுது. சரி, கடைசியா ஒரு வேலை. சாயந்தரம் எழுந்து, ஆயா வெச்ச முட்டையைத் தின்னுட்டு, அந்த டப்பாவைக் கடையிலயே திருப்பிக் குடுத்துட்டு வா. இன்னும் சீல் உடைக்கல, பில்லு இருந்தா வாங்கிக்குவான். முறைச்சான்னா கிழவன் வரேன்னு சொல்லு. மிச்சக் காசுல கொத்தமல்லி விதை கால் கிலோ வாங்கு, முழு விதையைத் தேய்ச்சு ரெண்டா உடைச்சுத்தான் தூவணும், சொல்லிட்டேன். அப்படியே பெத்தவளுக்கு ஒரு முழம் மல்லி.

பில்லு எங்கடா? அந்த அட்டைக்குப் பின்னால சொருகி வெச்சிருக்கியா பாரு.